செகண்ட் ஹேண்ட் மீன் தொட்டி: வாங்குவது முதல் தண்ணீர் நிரப்புவது வரை

பழைய மீன் தொட்டி வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்கள் பெரும்பாலும் வேலையின் வரிசை மாறியதால் வருபவை. நாள் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றினால் மூலையில் சொட்டும். இன்னொருவர் கசிகிறதா என்று முதலிலேயே பார்த்திருப்பார். வினிகர் போட்டு உப்புக்கறையை எடுத்த பிறகு ஹாலில் கொண்டுபோய் வைப்பார், அன்று இரவே கசியும். அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்த உப்புக்கறைதான். அதனால் இந்த வழிகாட்டியில் கசிவுச் சோதனை இரண்டு முறை வரும். இரண்டுக்கும் காரணம் வேறு, எதையும் விட முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் 2 அடி முதல் 4 அடி வரையுள்ள நன்னீர்க் கண்ணாடித் தொட்டிகளுக்கு. கடை, விலை பற்றிய பேச்சு சென்னையை வைத்து. மற்ற ஊர்க்காரர்கள் அந்த இடங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. தொட்டியைத் தேடும் முன் இடத்தை அளங்கள்

விளம்பரத்தில் 4 அடித் தொட்டி மலிவாக வருவதைப் பார்த்தவுடன் கை பரபரக்கும். முதலில் அதன் எடையைக் கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை லிட்டர் என்று தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.

3 × 1 × 1½ அடித் தொட்டி சுமார் 127 லிட்டர் பிடிக்கும். 8 மி.மீ. கண்ணாடி என்றால் வெறும் தொட்டியே ஏறக்குறைய 28 கிலோ. இதோடு கல், ஸ்டாண்ட் எல்லாம் சேரும். 4 × 1½ × 1½ என்றால் தண்ணீர் மட்டுமே 255 கிலோ. இதைப் பால்கனியில் வைக்க நினைக்காதீர்கள். வீட்டுக்குள் சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் பக்கமாக வையுங்கள்.

நேர் வெயில் படாத இடமா, பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, தண்ணீர் மாற்ற பாத்ரூமிலிருந்து பக்கெட் தூக்கிவரும் தூரம் எவ்வளவு என்பதையும் இப்போதே பாருங்கள். தூரம் அதிகமானால் தண்ணீர் மாற்றுவது தள்ளிப்போகும்.

முதல் தொட்டி என்றால் 2 × 1 × 1 அடி போதும், 2½ அல்லது 3 அடி இன்னும் நல்லது. ஒரு அடிக்கும் குறைவான குட்டித் தொட்டியையும் கண்ணாடிக் கிண்ணத்தையும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா வேகமாக ஏறும், வெப்பமும் ஏறி இறங்கும்.

2. புதுசு என்ன விலை என்று கேட்டு வையுங்கள்

கொளத்தூரில் வண்ணமீன் கடைகளும் தொட்டி செய்பவர்களும் நிறைந்த தெருக்கள் உண்டு. அங்கே வெறும் கண்ணாடித் தொட்டி புதிதாகவே மலிவு. பலர் பழைய தொட்டிக்குக் கொடுக்கும் காசில் அதே அளவுக்குப் புதிதாக ஒன்றை ஆர்டர் கொடுத்துச் செய்துவிடலாம். ஆகவே நீங்கள் வாங்கும் அளவுக்குப் புதுத் தொட்டி, ஸ்டாண்ட், ஃபில்டர், லைட் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழசில் உண்மையான லாபம் ஸ்டாண்டிலும், தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரிலும் நல்ல லைட்டிலும்தான் இருக்கிறது. 3 அடிக்கு மேல் போனால் கண்ணாடியிலும் கொஞ்சம் மிச்சமாகும். வெறும் 2 அடிக் கண்ணாடியை மட்டும் பழசாக வாங்குவதில் அர்த்தமில்லை. முழு செட்டுக்கும் புது விலையில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். சுத்தம் செய்யும் பொருள்கள், வண்டி வாடகை, ஒருவேளை மூட்டுகளை ஒட்டும் சிலிக்கான் பசை புதிது என எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் விற்பனைப் பக்கங்கள், அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுக்கள் மூன்றிலும் தேடுங்கள். வீடு மாறுகிறவர்கள், வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் விற்பதில் நல்லவை கிடைக்கும். அவர்களுடைய தொட்டி நேற்றுவரை ஓடிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியைவிட நல்ல சாட்சி கிடையாது.

3. போனிலேயே கேட்டுவிடுங்கள்

நேரில் போய்த் திரும்பும் அலைச்சலைச் சில கேள்விகள் மிச்சப்படுத்தும். "அண்ணா, தொட்டி இப்போ தண்ணியோட ஓடுதா, காலியா இருக்கா?" என்று ஆரம்பியுங்கள். காலி என்றால் "எத்தனை நாளா காலி? எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேளுங்கள். மொட்டை மாடியில் வெயிலில் பல மாதம் காய்ந்த தொட்டியின் சிலிக்கானை நம்ப முடியாது.

அடுத்து, வாங்கி எத்தனை வருடம் ஆகிறது, கடைசியாக இருந்த மீன்கள் என்ன ஆயின, என்ன மருந்து போட்டார்கள் என்று கேளுங்கள். மீன்கள் ஒவ்வொன்றாக மெலிந்து, முதுகு வளைந்து, உடம்பில் புண் வந்து செத்தன என்றால் அது மீன் காசநோயாக இருக்கலாம். அதற்குக் காரணமான கிருமிகளில் ஒன்று கையில் உள்ள காயம் வழியாக மனிதர்களுக்கும் தொற்றும், பிளீச்சுக்கும் எளிதில் அடங்காது. அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள். செம்பு கலந்த மருந்து போட்ட தொட்டி என்றால் இறால், நத்தை வளர்க்க வேண்டாம், மீனுக்குப் பயன்படுத்தலாம்.

காலியான தொட்டி என்றால், "நான் வர்றதுக்கு முன்னாடி முக்கால் அளவு தண்ணி நிரப்பி வைக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். சாக்குப்போக்குச் சொன்னால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

4. நேரில் பார்க்கும்போது

பகலில் போங்கள். கையில் டேப், டார்ச், ஈரத் துணி, நேரான ஸ்கேல் இருக்கட்டும். பாசியும் அழுக்கும் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அவை போய்விடும். பார்க்க வேண்டியவை போகாத குறைகள்.

விரிசலை முதலில் தேடுங்கள். டார்ச்சைக் கண்ணாடியின் ஓரத்தில் சாய்வாக வைத்து அடித்தால் விரிசல் வெள்ளிக் கோடு போல மின்னும். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விரிசல் உள்ள தொட்டி வேண்டாம், தண்ணீரின் அழுத்தத்தில் அது நீளும். அடிக்கண்ணாடியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். கல்லை ஒதுக்கிப் பாருங்கள், முடிந்தால் காலித் தொட்டியைச் சாய்த்துக் கீழேயும் பாருங்கள்.

மேல் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் அதன் இடத்தைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். விளிம்பின் நடுவில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மேலோட்டமாக இருந்தால் பரவாயில்லை. இரண்டு கண்ணாடிகள் ஒட்டும் மூலையிலோ அடியிலோ இருந்தால் அங்கே ஒட்டும் பரப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம். வேண்டாம்.

அப்புறம் சிலிக்கான். தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் மெல்லிய தகடாக இருப்பதுதான் தொட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. உள்மூலையில் பட்டையாகத் தெரிவது அதற்குக் காவல். உள்பட்டை கொஞ்சம் உரிந்திருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். இடையில் உள்ள தகட்டைக் கண்ணாடி வழியாக வெளியிலிருந்து பாருங்கள். காற்றுக் குமிழி வரிசையாக இருந்தாலோ, வெண்மையாகப் பிரிந்திருந்தாலோ, பாசி உள்ளே புகுந்திருந்தாலோ அந்தத் தொட்டியைப் பிரித்து மறுபடி ஒட்டாமல் பயன்படுத்த முடியாது.

கண்ணாடி எத்தனை மி.மீ. என்று அளங்கள். ஒரு அடி உயரத்துக்கு 5 மி.மீ., ஒன்றரை அடி உயரத்துக்கு 3 அடி நீளம் வரை 8 மி.மீ., 4 அடி நீளத்துக்கு 10 மி.மீ. இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம், கண்ணாடி எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிப்பது நீளம். மேலே குறுக்குப் பட்டை ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்து பட்டை இல்லையென்றால் கவனம். தண்ணீரோடு உள்ள தொட்டி என்றால் முன்கண்ணாடியில் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், வெளிப்பக்கம் வயிறு தள்ளியது கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள்.

கீறலைச் சோதிக்க ஈரத் துணியால் துடையுங்கள். ஈரமானதும் மறைகிற மங்கலும் கீறலும் தண்ணீர் நிரம்பியதும் பெரிதாகத் தெரியாது. நகம் மாட்டுகிற கீறல் தெரியும். முன்கண்ணாடியில் அப்படி இருந்தால் தொட்டியைத் திருப்பிப் பின்பக்கமாக வைக்க முடியுமா என்று யோசித்து, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இரும்பு ஸ்டாண்டில் கால் முனைகளும் வெல்டிங் மூட்டுகளும் துருப்பிடித்திருக்கும். மேல் துரு சுரண்டினால் போய்விடும், தகடு பொத்துப்போயிருந்தால் ஸ்டாண்ட் கணக்கில் சேராது. மரத்தூள் பலகையில் செய்த கேபினட் என்றால் அடி ஓரம் ஊறி உப்பியிருக்கிறதா பாருங்கள். உப்பிய பலகைக்குப் பழைய பலம் திரும்பி வராது.

ஃபில்டர், ஆக்சிஜன் மோட்டார், லைட் எல்லாவற்றையும் அங்கேயே பிளக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் மோட்டாரைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் போட வேண்டும். ஹீட்டரை வெளியில் வைத்து ஒருபோதும் போடக் கூடாது, கண்ணாடிக் குழாய் வெடித்துவிடும். சென்னை வெயிலுக்குப் பெரும்பாலான மீன்களுக்கு ஹீட்டரே வேண்டாம், அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு எங்காவது இருந்தால் அந்தப் பொருளை எடுக்காதீர்கள். தண்ணீருக்குள் கை விடப்போகிறவர் நீங்கள்.

5. "மீனையும் எடுத்துக்கோங்க" என்றால்

விற்பவர்கள் பலர் இதைச் சொல்வார்கள். முதல் தொட்டி வாங்குகிறவர் அன்றே மீனை ஏற்கக் கூடாது. தொட்டியைச் சோதித்து, கழுவி, கிருமி நீக்கிக் காயவைக்க ஒரு வாரமாவது ஆகும், அதுவரை அந்த மீன்கள் எங்கே இருக்கும்? வீட்டில் ஏற்கனவே ஓடும் தொட்டி ஒன்று இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அப்படி எடுத்தால் ஃபில்டர் பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே, மூடாத பக்கெட்டில், ஆக்சிஜன் குழாயோடு கொண்டுவாருங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. மூடிய ஃபில்டருக்குள் காற்றில்லாமல் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும், குழாய்த் தண்ணீரின் குளோரினிலும் சாகும்.

தொட்டிக்கு மேல் நீளமாக வளர்ந்துவிட்ட சக்கர் மீனை, நம் ஊரில் டேங்க் கிளீனர் என்று விற்பதை, சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்கிவிட்டுச் சமாளிக்க முடியாமல் ஏரியில் விடுகிறவர்களாலும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. ஏரி, குளம், ஆறு எதிலும் தொட்டி மீனையோ நத்தையையோ செடியையோ விடாதீர்கள்.

6. வீட்டுக்குக் கொண்டுவருவது

ஒரு சொட்டு இல்லாமல் காலி செய்த பிறகே தொட்டியைத் தூக்க வேண்டும். "கீழே ரெண்டு இஞ்ச் தண்ணிதானே, கல்லுதானே, இருக்கட்டும்" என்பதுதான் நல்ல தொட்டிகளை உடைக்கும் வார்த்தை. தூக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் சரியும், அடிக்கண்ணாடி முறுக்கும், மூட்டு விட்டுப்போகும்.

இரண்டு பேர் அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். மேல் விளிம்பையோ குறுக்குப் பட்டையையோ பிடித்துத் தூக்கக் கூடாது, பட்டை பெயர்ந்து வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மழுங்கச் செய்யாத விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். 2 அடித் தொட்டி ஆட்டோவில் வரும். அதற்கு மேல் என்றால் குட்டி யானை பிடியுங்கள். பழைய மெத்தை அல்லது மடித்த போர்வை மேல், பயன்படுத்தும் நிலையிலேயே நிமிர்த்தி வைத்து, ஒருவர் கூடவே உட்கார்ந்து வாருங்கள். உள்ளே கல், ஃபில்டர் எதையும் போட்டுக் கொண்டுவர வேண்டாம்.

7. முதல் கசிவுச் சோதனை: கழுவும் முன்

இதன் நோக்கம் ஒன்றே: மோசமான தொட்டியின் மேல் ஒரு நாள் உழைப்பைக் கொட்டாமல் இருப்பது.

பாத்ரூமில் வைத்துச் சோதிக்காதீர்கள். பாத்ரூம் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாக இருக்கும், மொட்டை மாடியும் அப்படித்தான். சரிவில் நிறைந்த தொட்டியின் அடிக்கண்ணாடி முறுக்குப்பட்டு, நன்றாக இருந்ததும் விரிசல் விடும். ரசமட்டம் வைத்துச் சமமான தரை தேடுங்கள். தரையைப் பெருக்கி, பிளைவுட் பலகை போட்டு, அதன் மேல் 10 மி.மீ. தெர்மாகோல் வைத்துத் தொட்டியை வையுங்கள். அடியில் ஒரே ஒரு கல் துணுக்கு மாட்டினாலும் பாரம் முழுதும் அந்தப் புள்ளியில் இறங்கும். அடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு மட்டும் தெர்மாகோல் வேண்டாம், அதன் பாரம் சட்டத்தில்தான் நிற்க வேண்டும்.

கால் பாகம் நிரப்பிப் பாருங்கள், அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்ச நேரம் விட்டு, மூட்டுகளை வெளியிலிருந்து டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். மூன்று நான்கு மணி நேரம் போதும். கசிந்தால் எந்த மட்டத்தில் கசிந்தது என்று மார்க்கரில் கோடு போட்டுக்கொண்டு 12-ஆம் பகுதிக்குப் போங்கள்.

8. பாசியும் உப்புக்கறையும்

தேவை: புதிய ஸ்பாஞ்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், காலாவதியான ஏ.டி.எம். கார்டு, பிளேடு, கல் உப்பு, வெள்ளை வினிகர் இரண்டு மூன்று பாட்டில், ரப்பர் கையுறை.

சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம், சோப்புத்தூள் எதுவும் தொட்டி பக்கமே வரக் கூடாது. அதன் நுரைக்கும் பொருள் சிலிக்கானில் ஒட்டிக்கொண்டு, அப்புறம் தண்ணீரில் கலந்து மீனின் செவுளைப் பாதிக்கும். சமையலறையில் ஏற்கனவே பயன்படுத்திய ஸ்பாஞ்சில் சோப்பு ஊறியிருக்கும், அதனால்தான் புதியது கேட்கிறேன்.

முதலில் பாசி. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கார்டால் வழியுங்கள். பிடிவாதமான பச்சைப் புள்ளிக்குக் கல் உப்பை ஈர ஸ்பாஞ்சில் தொட்டுத் தேயுங்கள், கண்ணாடி கீறாது. அக்ரிலிக் தொட்டியில் உப்பும் பிளேடும் கூடாது. மூலைகளுக்கு பிரஷ் மட்டும்தான். பிளேடு சிலிக்கானைத் தொட்டால் அந்த இடத்தில் பிறகு கசியும், ஒரு விரல் அகலம் தள்ளியே நிறுத்துங்கள்.

அடுத்தது நம் ஊரின் பெரிய தலைவலி, போர் தண்ணீர் விட்ட உப்புக்கறை. தண்ணீர் ஆவியாகி ஆவியாகி மேல்மட்டத்தில் வெள்ளைப் பட்டையாகப் படிந்திருக்கும். அது பெரும்பாலும் சுண்ணாம்பு, அதனால் தேய்த்தால் போகாது, அமிலத்தில்தான் கரையும். வினிகரைக் கையால் தேய்த்துவிட்டு 'போகவில்லை' என்று கைவிடுகிறவர்கள் அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்பதில்லை.

தொட்டியைக் கறையுள்ள கண்ணாடி கீழே வருமாறு போர்வை மேல் படுக்க வையுங்கள். டிஷ்யூ பேப்பரை வினிகரில் நனைத்துக் கறை மேல் பட்டையாக ஒட்டி, காயாமல் இருக்க பாலிதீன் தாளால் மூடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கார்டால் சுரண்டினால் மாவாக வரும். தடித்த கறைக்கு இரவு முழுக்க விடுங்கள். வினிகருக்குப் பதில் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) ஒரு லிட்டர் வெந்நீரில் நான்கு மேசைக்கரண்டி கரைத்து, ஆறவைத்துப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிச் செய்ய வேண்டும். மார்பிள், மொசைக் தரையில் வினிகர் சிந்தினால் பளபளப்புப் போய்விடும், தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

கழிவறை ஆசிட்டை எடுக்காதீர்கள். "சீக்கிரம் போகும்" என்று அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் புகை நுரையீரலுக்குக் கேடு. அடுத்த கட்டத்தில் பிளீச்சோடு அதன் மிச்சம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகரும் பிளீச்சும் சேர்ந்தாலும் அதே வாயுதான். அதனால் கறை எடுத்த பிறகு நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, வினிகர் வாசனை முற்றிலும் போன பிறகே அடுத்த கட்டம்.

9. கிருமி நீக்கம்

இதை அழுக்கு எடுத்த பிறகு செய்வதற்குக் காரணம் உண்டு. பாசியும் கழிவும் ஒட்டியிருந்தால் பிளீச் அதைத் தாக்குவதிலேயே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது.

வாசனையும் சோப்பும் சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் வாங்குங்கள். துப்புரவுப் பொருள் கடைகளில் கேனில் கிடைக்கும். 4 அல்லது 5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணீர், அதாவது 19 லிட்டருக்கு ஒரு லிட்டர். பிளீச்சிங் பவுடரும் வேலை செய்யும், ஆனால் அடியில் சுண்ணாம்பு மண்டி நிற்கும். இப்போதுதானே அதைச் சுரண்டி எடுத்தோம்.

காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டு, உள்பக்கம் முழுதும் ஸ்பாஞ்சால் பூசுங்கள். 15 நிமிடம் காயவிடாமல் திரும்பத் திரும்ப நனைத்துக்கொண்டிருங்கள். அதிக நேரம் விட்டால் அதிகப் பலன் என்றில்லை, சிலிக்கானுக்குத்தான் கெடுதல்.

நன்றாக அலசி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மீன் கடையில் விற்கும் ஆன்டி-குளோரினை வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றிச் சுழற்றுங்கள். அது சோடியம் தையோசல்பேட், குளோரினைச் செயலிழக்கச் செய்யும். மூக்கை உள்ளே நீட்டிப் பாருங்கள். வாசனை இருந்தால் மறுபடி.

அப்புறம் இரண்டு நாள் முழுதாகக் காயட்டும். வெள்ளைப்புள்ளி நோய் ஒட்டுண்ணி போன்றவற்றுக்குக் காயவைப்பதே நல்ல மருந்து. காலை வெயில் போதும். உச்சி வெயிலில் சுட்ட தொட்டியில் உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும்.

10. ஃபில்டர், கல், அலங்காரம்

ஃபில்டர் உடலை முழுக்கப் பிரித்து, உள்ளே காந்தத்தோடு சுற்றும் சின்ன விசிறியை வெளியே எடுங்கள். அதன் குழியில் சேரும் சேறும் உப்பும்தான் மோட்டார் இரைவதற்குப் பெரும்பாலும் காரணம். 'மோட்டார் போச்சு' என்று தூக்கிப் போடும் முன் இதைச் சுத்தம் செய்யுங்கள். வினிகரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கேனிஸ்டர் என்றால் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், விறைத்தோ வெடித்தோ இருந்தால் ஓடவிடும் முன் புதிது மாற்றுங்கள். அதுதான் இரவில் ஹாலைக் குளமாக்கும்.

காய்ந்துபோன பழைய பஞ்சைத் தூக்கிப் போடுங்கள். அதில் உயிரோடு பாக்டீரியா எதுவும் இருக்காது. பீங்கான் வளையங்களைக் கொதிநீரில் போட்டெடுத்துப் பயன்படுத்தலாம்.

பழைய கல்லில் கொஞ்சம் எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும், ஏற்கனவே கடினமான போர் தண்ணீருக்கு அது வேண்டாம். சாயம் ஏற்றிய கல்லும் சாயம் விடும் பிளாஸ்டிக் செடியும் வேண்டாம். உண்மையில் கல்லைக் கழுவும் உழைப்புக்குப் புதிதாக ஒரு மூட்டை வாங்கிவிடலாம், அதுவும் நோய்க் கதை தெரியாத தொட்டி என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

11. இரண்டாம் கசிவுச் சோதனை: 48 மணி நேரம்

உப்புக்கறை அடைத்திருந்த ஓட்டை இப்போது திறந்திருக்கலாம், சுரண்டும்போது சிலிக்கான் உள்பட்டை விட்டிருக்கலாம். அதனால்தான் மறுபடி.

அதே சமமான பலகை, தெர்மாகோல். தெர்மாகோலுக்கு மேல் தொட்டியைவிடப் பெரிதாகச் செய்தித்தாள் விரியுங்கள். ஒரு சொட்டு விழுந்து காய்ந்தாலும் தாள் சுருங்கித் தடம் காட்டிக்கொடுக்கும். இந்த முறை முழுதாக, நீங்கள் வழக்கமாக வைக்கப்போகும் மட்டம் வரை நிரப்புங்கள். மட்டத்தில் டேப் ஒட்டுங்கள். தொட்டியின் மேல் கண்ணாடியோ பாலிதீனோ போட்டு மூடுங்கள். கோடையில் திறந்த தொட்டியில் தண்ணீர் ஆவியாகியே மட்டம் இறங்கும், அதைக் கசிவு என்று எண்ணிக் கலங்கியவர்கள் உண்டு. மூடினால் கொசு முட்டையிடுவதும் தப்பும்.

முதல் மணி நேரத்திலும் அன்று இரவும் மறுநாளும் பாருங்கள். 48 மணி நேரம் தாள் காய்ந்தே இருந்தால் தொட்டி தேறிவிட்டது. அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள்.

12. கசிந்தால்

இடைத் தகட்டில் கோளாறு என்றாலோ, தொட்டி 3 அடிக்கு மேல் என்றாலோ நீங்களாக ஒட்டிப் பார்க்க வேண்டாம். தொட்டி செய்பவரிடம் கொடுத்துப் பிரித்து ஒட்டித் தரச் சொல்லுங்கள், அந்தச் செலவு புதுத் தொட்டி விலையை நெருங்கினால் விட்டுவிடுங்கள்.

சின்னத் தொட்டியில் உள்பட்டை மட்டும் என்றால் நீங்களே செய்யலாம். கசியும் இடத்தில் மட்டும் மேலே பூசுவதுதான் எல்லோரும் செய்வது, அது நிற்காது. காய்ந்த பழைய சிலிக்கான் மேல் புதுசு சரியாக ஒட்டாது. நான்கு மூலையிலும் அடியிலும் உள்பட்டை முழுவதையும் பிளேடால் எடுங்கள், இடைத் தகட்டில் பிளேடு இறங்க வேண்டாம். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவையுங்கள்.

மீன் தொட்டிக்கு என்று போட்ட சிலிக்கான் டியூபே வாங்குங்கள். பாத்ரூமுக்கு விற்பதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், மீனுக்கு விஷம். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எல்லா மூலைகளையும் ஒரே மூச்சில் பூசி, விரலால் ஒருமுறை இழுத்து, ஈரம் காயும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். வினிகர் போன்ற வாசனை வந்துகொண்டிருக்கும்வரை உள்ளே இன்னும் காயவில்லை. அப்புறம் 11-ஆம் பகுதியை முதலிலிருந்து.

13. இடத்தில் வைத்து நிரப்புவது

ஸ்டாண்டை இடத்தில் வைத்து ரசமட்டம் பாருங்கள். சரியில்லை என்றால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு கொடுங்கள், தொட்டிக்கு அடியில் அட்டை சொருகாதீர்கள். தெர்மாகோல், தொட்டி, கழுவிய கல், பிறகு தட்டின் மேல் மெதுவாகத் தண்ணீர். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி ஏறும்படி விடுங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

ஆன்டி-குளோரின் விட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். எல்லாக் கிருமியையும் கொன்ற தொட்டியில் நல்ல பாக்டீரியாவும் இருக்காது, ஆகவே பழைய தொட்டியானாலும் இது புதுத் தொட்டிதான். அவை வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும், அது சிதைந்து உண்டாகும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டும் முதலில் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்றால் மீன் வாங்கலாம். தெரிந்தவர் யாருடைய ஆரோக்கியமான தொட்டியிலிருந்தாவது அழுக்குப் பிடித்த ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும்.

ஸ்டாண்டுக்கு அடியில் தரையில் ஒரு செய்தித்தாளை முதல் வாரம் முழுக்க விட்டுவையுங்கள், தினம் காலையில் ஒருமுறை குனிந்து பாருங்கள். முதலில் ஐந்தாறு சிறிய மீன்கள் மட்டும் விட்டு, அடுத்த இரண்டு வாரம் சோதனையைத் தொடருங்கள். அம்மோனியா தலைகாட்டினால் அன்றே கால் பாகம் தண்ணீரை மாற்றி, தீனியை நிறுத்திவையுங்கள்.